பழைய கம்ப்யூட்டரின் வயிற்றில் ஊரார் கணக்கு

அமெரிக்காவில் ஓக்லஹோமா என்று ஒரு மாநிலம் உண்டு. அங்கே ஒரு கம்ப்யூட்டர் நிபுணர். அவர் இணைய ஏலத்தில் சில பழைய ஹார்டு டிஸ்க்குகளை வாங்கினார்.

ஹார்டு டிஸ்க் என்பது கம்ப்யூட்டரின் ஞாபகப் பெட்டி. கம்ப்யூட்டரில் எதை எழுதினாலும் அது இந்தப் பெட்டிக்குள்தான் போய்த் தங்கும். கம்ப்யூட்டர் பழுதானாலும் பெட்டியைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினால், எழுதியதை எல்லாம் படித்துவிடலாம்.

நிபுணர் வாங்கிய டிஸ்க்குகள் காலியாக இல்லை. உள்ளே மார்கன் ஸ்டான்லி கம்பெனியின் தகவல்கள் இருந்தன!

மார்கன் ஸ்டான்லி என்பது நியூயார்க்கில் தலைமை அலுவலகம் கொண்ட பெரிய பண நிறுவனம். லட்சக்கணக்கான மக்களின் சேமிப்பு அதன் கையில் இருக்கிறது. அவர்களுடைய பெயர், விலாசம், கணக்கு எண் எல்லாம் அதனிடம் உண்டு.

நல்ல வேளை, டிஸ்க்கை வாங்கியவர் நல்லவர். 2017-ம் ஆண்டு அவர் கம்பெனிக்கு மின்னஞ்சல் அனுப்பினார். "உங்கள் தகவல் என் கையில் இருக்கிறது" என்ற விஷயத்தைத் தெரிவித்தார். வாங்கியவர் வேறு மாதிரி ஆளாக இருந்திருந்தால்? கம்பெனிக்குச் செய்தியே போயிருக்காது. கணக்கு வைத்திருந்தவர்களுக்குத்தான் ஒரு நாள் காலையில் செய்தி போயிருக்கும்.

சாமான் ஏற்றும் கம்பெனி

டிஸ்க் எப்படி ஏலத்துக்குப் போனது? திருட்டா? இல்லை. யாரும் பூட்டை உடைக்கவில்லை. கம்பெனியே ஆள் வைத்து, கூலி கொடுத்து, வெளியே அனுப்பியது.

2016-ம் ஆண்டில் மார்கன் ஸ்டான்லி தன்னுடைய இரண்டு பெரிய கம்ப்யூட்டர் கூடங்களை மூடியது. உள்ளே இருந்த பழைய கருவிகளை அப்புறப்படுத்த வேண்டும். அந்த வேலையை யாரிடம் கொடுத்தார்கள் தெரியுமா? சாமான்களை ஏற்றி இறக்கும் ஒரு கம்பெனியிடம்! மேஜை நாற்காலி ஏற்றுவது, கிடங்கில் அடுக்கி வைப்பது, இதுதான் அந்தக் கம்பெனிக்குத் தெரிந்த தொழில். தகவலை அழிப்பதில் அதற்கு முன் அனுபவம் இல்லை.

சாமான் கம்பெனி, ஆயிரக்கணக்கான கருவிகளை மூன்றாவது கம்பெனிக்கு விற்றது. அங்கே இருந்து அவை இணைய ஏலத்துக்கு வந்தன. சிலவற்றில் வாடிக்கையாளர் விவரம் அப்படியே இருந்தது.

சாமான் கம்பெனியை மட்டும் திட்டிப் பயன் இல்லை. கட்டிலைத் தூக்குகிறவரிடம் கல்லாப் பெட்டியைக் கொடுத்தது யார்? அதுதான் கேள்வி. அமெரிக்க அரசாங்கமும் அதையே கேட்டது.

2020 அக்டோபரில், பாங்கிகளைக் கண்காணிக்கும் மத்திய அரசாங்க அலுவலகம் 6 கோடி டாலர் அபராதம் போட்டது. வாடிக்கையாளர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். அந்த வழக்கைத் தீர்த்துக்கொள்ள 2022-ல் இன்னொரு 6 கோடி டாலர். அதே ஆண்டு செப்டம்பரில், பங்கு மார்க்கெட்டைக் கண்காணிக்கும் ஆணையம் 3 கோடியே 50 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. சுமார் ஒன்றரைக் கோடி வாடிக்கையாளர்களின் விவரத்தைக் காக்கத் தவறியதாக அந்த ஆணையம் சொன்னது. 2023 நவம்பரில் 6 மாநிலங்களுக்கு 65 லட்சம் டாலர்.

எல்லாவற்றையும் கூட்டினால் 16 கோடியே 15 லட்சம் டாலர்! வக்கீல் பீஸ் இதில் சேரவில்லை.

பொட்டலக் காகிதம்

கடலைப் பொட்டலம் வாங்கியவர்களுக்கு இந்த விஷயம் புதிது அல்ல. கடலையைத் தின்று முடித்துக் காகிதத்தைப் பிரித்தால், யாரோ ஒரு மாணவனின் பரீட்சைத் தாள் இருக்கும். கணக்கில் அவன் வாங்கிய மார்க் இருக்கும். சில சமயம் ஏதோ ஒரு கடையின் பற்று வரவு ஏடு இருக்கும். இன்னார் இவ்வளவு பாக்கி என்று எழுதி இருக்கும். படித்துச் சிரித்துவிட்டுக் கசக்கி எறிந்துவிடுவார்கள். ஒரு காகிதத்தில் ஒருவர் கதைதான் தெரியும்.

ஹார்டு டிஸ்க் அப்படி அல்ல. உள்ளங்கை அகலப் பெட்டிக்குள் ஓர் ஊரின் கதையே அடங்கும்.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் சிம்சன் கார்ஃபின்கல், அபி ஷெலத் என்ற இரண்டு ஆராய்ச்சி மாணவர்கள் இருந்தார்கள். 2000 முதல் 2002 வரை, பழைய சாமான் விற்கும் இடங்களில் 158 ஹார்டு டிஸ்க்குகளை வாங்கிச் சேர்த்தார்கள். அவற்றில் 129 வேலை செய்தன. அந்த 129-ல் ஒழுங்காக அழிக்கப்பட்டவை எத்தனை? வெறும் 12! மற்றவற்றில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கிரெடிட் கார்டு எண்கள் கிடைத்தன. ஒரு டிஸ்க், பணம் எடுக்கும் ஏ.டி.எம். மெஷினில் இருந்து கழற்றப்பட்டது. ஓர் ஆண்டுக் கணக்கு அதற்குள் இருந்தது.

விற்றவர்களில் பலர் அழித்துவிட்டதாகத்தான் நினைத்து இருப்பார்கள். இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது.

அழித்தும் அழியாதது

கம்ப்யூட்டரில் 'அழி' என்று ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தியதும் கண் முன் இருந்த பெயர் மறைந்துவிடுகிறது. எழுதியதும் மறைந்துவிட்டதா? இல்லை.

ஒரு புத்தகத்தின் முன்னால் பொருளடக்கம் இருக்கும். எந்தப் பாடம் எந்தப் பக்கத்தில் என்று அதில் போட்டு இருக்கும். அந்தப் பொருளடக்கத் தாளை மட்டும் கிழித்து எறிந்தால் பாடங்கள் போய்விடுமா? பக்கத்தைப் புரட்டினால் எல்லாம் அப்படியே இருக்கும். 'அழி' பொத்தான் செய்வது இதுதான். 'இந்த இடம் காலி, இனி வேறு எதையாவது எழுதலாம்' என்று கம்ப்யூட்டர் குறித்துக்கொள்கிறது. வேறு ஒன்றை எழுதும் வரை பழைய எழுத்து போகாது. டிஸ்க்கைப் புதிது போல் ஆக்கும் 'பார்மட்' வேலையிலும், அவசரமாகச் செய்யும் வகை பொருளடக்கத்தோடு நின்றுவிடுகிறது.

உண்மையாக அழிக்க வேண்டுமானால், டிஸ்க்கின் முதல் மூலையில் இருந்து கடைசி மூலை வரை வேறு எதையாவது எழுத வேண்டும். எல்லா இடத்திலும் பூஜ்யம் எழுதினாலும் போதும். சிலேட்டைத் துடைத்துவிட்டு முழுவதும் சுண்ணாம்பு பூசுவது போல.

ஒரு தடவை எழுதினால் போதாது, 7 தடவை எழுத வேண்டும், 35 தடவை எழுத வேண்டும் என்று பலர் பயமுறுத்துவார்கள். 35 என்ற எண் 1996-ல் வெளியான ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையில் இருந்து வந்தது. அது அந்தக் காலத்து டிஸ்க்குகளைப் பற்றிய பேச்சு. இன்றைய ஹார்டு டிஸ்க்குக்கு, முழுவதும் ஒரு தடவை எழுதிச் சரிபார்த்தால் பொதுவாகப் போதும் என்பதே நிபுணர்களின் முடிவு. அமெரிக்காவின் தர நிர்ணயக் கழகம் இதற்காகவே ஒரு வழிகாட்டி நூல் வெளியிட்டு இருக்கிறது. 2006-ல் முதலில் வந்தது. 2014-லும் 2025-லும் திருத்தப்பட்டது. உலகம் முழுவதும் அழிப்புத் தொழில் செய்கிறவர்கள் அதையே ஆதாரமாகக் கொள்கிறார்கள்.

இப்போது வரும் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் சுழலும் தட்டு இல்லை. சிப்பில் எழுதும் எஸ்.எஸ்.டி. என்ற பெட்டி இருக்கிறது. இது கொஞ்சம் தந்திரமானது. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப எழுதினால் தேய்ந்துவிடும் என்பதால், எழுத்தை இடம் மாற்றி மாற்றி வைக்கும். வெளியே காட்டாத உபரி இடமும் வைத்திருக்கும். ஆகவே மேலே பூஜ்யம் எழுதினாலும், ஏதோ ஒரு மூலையில் பழையது தங்கிவிடலாம். இந்த வகைக்கு, அதற்குள்ளேயே கட்டப்பட்டு இருக்கும் அழிப்புக் கட்டளையைக் கொடுக்க வேண்டும். வேலை பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். காந்தத்தைக் காட்டி அழிக்கும் முறை சுழலும் தட்டுக்குத்தான் செல்லும். எஸ்.எஸ்.டி.யிடம் காந்தத்தின் ஜம்பம் சாயாது.

செலவு எவ்வளவு?

பெரிய செலவு ஆகுமோ என்று வியாபாரிகள் தயங்குகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஓர் அலுவலகத்தில் 40 பழைய கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் 1 டெராபைட் அளவுள்ள சுழலும் டிஸ்க் இருக்கிறது. ஒரு டிஸ்க்கில் முழுவதும் ஒரு தடவை எழுத ஏறத்தாழ 2 மணி நேரம் ஆகும். அதற்குக் கால் யூனிட் மின்சாரம் ஆனால் அதிகம். அழிக்கும் புரோகிராம்கள் காசு இல்லாமலே கிடைக்கின்றன. ஓர் ஆள் 10 கம்ப்யூட்டர்களை ஒரே நேரத்தில் ஓட விடலாம். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. சரிபார்ப்பது, ஒவ்வொரு டிஸ்க்கின் எண்ணையும் நோட்டில் எழுதுவது எல்லாம் சேர்த்து 2 நாள் வேலை.

ஆக, ஓர் ஆளின் 2 நாள் சம்பளம். 40 கம்ப்யூட்டர்களுக்கும் சேர்த்து!

ஆளை வைத்துச் செய்ய முடியாதவர்கள், இதையே தொழிலாகச் செய்கிறவர்களிடம் கொடுக்கலாம். டிஸ்க் ஒன்றுக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள். எண் வாரியாகச் சான்றிதழ் தருவார்கள். அந்தச் சான்றிதழில் உள்ள எண்ணும், அலுவலக நோட்டில் உள்ள எண்ணும் ஒத்துப் போகிறதா என்று ஒருவர் உட்கார்ந்து பார்க்க வேண்டும். இந்த வேலைக்குத்தான் பல இடங்களில் ஆள் கிடைப்பதில்லை. சான்றிதழ் வந்ததும் பைலில் போட்டு மூடிவிடுகிறார்கள்.

எதற்கு வம்பு, நொறுக்கிவிடலாம் என்று சில முதலாளிகள் நினைக்கிறார்கள். மிகவும் ரகசியமான தகவல் இருந்தாலோ, டிஸ்க் பழுதாகி எழுதவே முடியாமல் போனாலோ நொறுக்கத்தான் வேண்டும். நல்ல டிஸ்க்கையும் நொறுக்குவது வீண். சுத்தமாக அழித்த டிஸ்க் சந்தையில் விலை போகும். ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தால் பிள்ளைகள் படிப்பார்கள். நொறுக்கினால் நொறுக்கும் கூலியும் போய், விற்ற காசும் போய், ஒரு குவியல் குப்பை மிச்சம். பயத்துக்குக் கொடுக்கும் விலை இது. 2 மணி நேரப் பொறுமை இருந்தால் இந்த விலை கொடுக்க வேண்டியதில்லை.

"காசே வேண்டாம்!"

இங்கிலாந்தில் சர்ரே என்ற பகுதியில் அரசாங்க மருத்துவ நிர்வாகம் ஒன்று இருந்தது. அதனிடம் ஒரு கம்பெனி வந்தது. 'உங்கள் பழைய கம்ப்யூட்டர்களை எடுத்துப் போகிறோம். டிஸ்க்கை அழித்துவிடுகிறோம். காசே வேண்டாம். மிச்சம் இருக்கும் பாகங்களை விற்று எங்கள் கூலியை எடுத்துக்கொள்கிறோம்' என்பது ஏற்பாடு. மருத்துவ நிர்வாகத்துக்குச் சந்தோஷம்! சரியான எழுத்து ஒப்பந்தம்கூடப் போடவில்லை.

2012-ம் ஆண்டு, இணைய ஏலத்தில் பழைய கம்ப்யூட்டர் வாங்கிய ஒருவர் அந்த நிர்வாகத்துக்குத் தகவல் சொன்னார். அவர் வாங்கிய கம்ப்யூட்டரில் சுமார் 900 பெரியவர்கள், 2,000 குழந்தைகளின் மருத்துவ விவரங்கள் இருந்தன.

2013-ல் 2 லட்சம் பவுன் அபராதம்! இலவசத்தின் விலை அது.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. அபராதச் செய்தி வெளியான போது அந்த நிர்வாகமே இல்லை. சில மாதங்களுக்கு முன்பே கலைக்கப்பட்டுவிட்டது. இங்கிலாந்தில் அப்போது பிரைட்டன் நகர ஆஸ்பத்திரிகளை நடத்திய அமைப்புக்கும் 2012-ல் 3 லட்சத்து 25 ஆயிரம் பவுன் அபராதம். அழிக்கச் சொல்லி அனுப்பிய டிஸ்க்குகள் இணைய ஏலத்தில் விற்கப்பட்டன என்பதே குற்றம். அரசாங்க ஆஸ்பத்திரி கட்டும் அபராதம் யார் பணம்? வரி கட்டும் மக்களின் பணம். தன் ரகசியமும் போய், தன் பணமும் போன நோயாளிக்கு என்ன லாபம்? இப்படிப்பட்ட அபராதத்தை, இலவசம் என்று கேட்டதும் தலையாட்டிய அதிகாரியின் சம்பளத்தில் ஒரு பங்காவது பிடித்தால், அடுத்த தடவை தலை அவ்வளவு சுலபமாக ஆடாது.

அலுவலகத்தின் மூலையில் நிற்கும் நகல் மெஷினையும் மறந்துவிடக் கூடாது. அதற்குள்ளும் ஹார்டு டிஸ்க் இருப்பது உண்டு. நகல் எடுத்த தாள்களின் படம் அதில் தங்கும். நியூயார்க்கில் 'அஃபினிட்டி ஹெல்த் பிளான்' என்ற மருத்துவக் காப்பீட்டு நிறுவனம், வாடகைக்கு எடுத்த நகல் மெஷின்களைத் திருப்பிக் கொடுத்தது. டிஸ்க்கை அழிக்கவில்லை. 2010-ல் சி.பி.எஸ். டெலிவிஷன்காரர்கள் பழைய மெஷின் ஒன்றை வாங்கித் திறந்தபோது, நோயாளிகளின் விவரங்கள் வந்தன. 3 லட்சத்து 44 ஆயிரத்து 579 பேர் வரை பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று கணக்கிடப்பட்டது. 2013-ல் அந்த நிறுவனம் 12 லட்சத்து 15 ஆயிரத்து 780 டாலர் கட்டியது.

நம் நாட்டில்

இந்தியாவில் 2023-ல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் அதில் இருந்து 18 மாதம் கழித்து அமலுக்கு வரும் என்று அறிவித்தார்கள். மக்களின் விவரத்தைத் தக்கபடி காக்கத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் போட இந்தச் சட்டத்தில் இடம் உண்டு.

பெரிய கம்பெனிகளில் இதற்கு வக்கீல் இருப்பார். ஊர் நகைக் கடை, சீட்டுக் கம்பெனி, ரத்தப் பரிசோதனை நிலையம், ஆடிட்டர் ஆபீஸ் ஆகியவற்றின் கதி? இங்கே உள்ள கம்ப்யூட்டரிலும் ஆதார் எண் இருக்கிறது. வருமானக் கணக்கு இருக்கிறது. இன்னாருக்கு இன்ன வியாதி என்று இருக்கிறது. கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறது என்று புதிது வாங்குவார்கள். பழையதை, புதிது விற்றவரே ஆயிரமோ இரண்டாயிரமோ கழித்துக்கொண்டு தூக்கிப் போவார். அவர் எங்கே கொண்டு போகிறார் என்று யாரும் கேட்பதில்லை. சென்னை ரிச்சி தெருவில் பழைய கம்ப்யூட்டர் வாங்குகிறவர்களும் விற்கிறவர்களும் நேர்மையாகத் தொழில் செய்கிறவர்கள்தான். அவர்கள் கடைக்கு டிஸ்க் வரும் முன்பே அது காலியாக இருக்க வேண்டும். அது அவர்கள் வேலை அல்ல. கம்ப்யூட்டரின் சொந்தக்காரர் வேலை.

அந்த டிஸ்க்கில் உள்ள விவரம் கடைக்காரருடைய சொத்தும் அல்ல. நகையை அடகு வைக்க வந்த பெண், காய்ச்சலுக்கு ரத்தம் கொடுத்த கிழவர், இவர்கள் நம்பிக் கொடுத்தது. வீட்டுச் சாவி தொலைந்தால் பூட்டை மாற்றலாம். பிறந்த தேதியை மாற்ற முடியுமா? தாயாரின் பெயரை மாற்ற முடியுமா? ஆகவே அழிப்புச் செலவைப் பழைய கம்ப்யூட்டரை விற்கும் நாளில் யோசிப்பது தவறு. வாங்கும் நாளிலேயே, மின்சாரக் கட்டணத்தைப் போல, அதன் விலையோடு சேர்த்து எழுதி வைக்க வேண்டும். வாடிக்கையாளரும், 'என் விவரம் உள்ள பழைய பெட்டியை என்ன செய்தீர்கள்?' என்று கூசாமல் கேட்கலாம்.

பூட்டு இருந்தது

செலவே இல்லாமல் செய்யக்கூடிய ஒரு காரியமும் உண்டு. புதுக் கம்ப்யூட்டர் வந்த முதல் நாளே, டிஸ்க்கில் எழுதுவதை எல்லாம் ரகசிய எழுத்தாக மாற்றி வைக்கச் சொல்லலாம். பல கம்ப்யூட்டர்களில் இந்த வசதி கூடவே வருகிறது. ரகசியச் சாவி இல்லாதவர் டிஸ்க்கைக் கழற்றிப் போனாலும் உள்ளே இருப்பது அவருக்குப் புரியாது. கம்ப்யூட்டரை விற்கும்போது சாவியை அழித்துவிட்டால், டிஸ்க்கையே அழித்ததற்குச் சமம்.

மார்கன் ஸ்டான்லியிடமும் இந்த வசதி இருந்தது. 2016-ல் நடந்தது போதாது என்று, பின்னால் இன்னொன்றும் நடந்தது. கிளை அலுவலகங்களில் பழைய கருவிகளை மாற்றியபோது கணக்குப் பார்த்தார்கள். 42 சர்வர்களைக் காணோம்! வாடிக்கையாளர் விவரம் அவற்றில் இருந்திருக்கக்கூடும். கிளைகளில் இருந்த அந்தக் கருவிகளில் ரகசிய எழுத்து வசதி இருந்ததும் அப்போதுதான் தெரியவந்தது. பல ஆண்டுகளாக அதை யாரும் இயக்கவில்லை என்பதும் தெரியவந்தது.

2016-ல் வெளியே போன கருவிகளில் சிலவற்றைக் கம்பெனி மீட்டது. பெரும்பாலானவை திரும்பி வரவில்லை என்று ஆணையம் 2022-ல் சொன்னது.